தாழிக்குள் போன குரல்

திராட்சைத் தோட்டங்கள் நிறைந்த எங்கள் ககேத்தியில் ஒயின் தாழியைக் கழுத்துவரை மண்ணில் புதைப்போம். அதைக் கழுவ உள்ளே இறங்குகிறவன் பாடிக்கொண்டே இருக்க வேண்டும். குரல் நின்றால் மேலே தூக்க வேண்டும். பக்கத்துத் தாழியில் திராட்சை பொங்கும்போது வரும் நச்சுக்காற்று மேலே போகாது. தண்ணீர் மாதிரி பள்ளம் பார்த்துப் போகும்.

என் அக்கா மகன் தெமூர் தன் தோட்டத்தில் ஊஞ்சல் கட்டி, குடும்பத்தோடு வாருங்கள் என்று பலகை வைத்திருந்தான். "முந்நூறு வருசத் தாழி" என்று ஒரு காலித் தாழியை விருந்தாளிகளுக்குக் காட்டினான். பொய். என் அப்பா காலத்தில்தான் அது மாட்டுவண்டியில் வந்து இறங்கியது. பக்கத்தில் மூன்று தாழிகள் பொங்கிக்கொண்டிருந்தன.

"மெழுகுவத்தி இறக்கிப் பாத்தியாடா?"

"பல்பு போட்டிருக்கேன் மாமா. நீங்க எந்தக் காலத்துல இருக்கீங்க?"

"காத்து கெட்டுப்போனா மெழுகுவத்தி அணையும். உன் பல்பு அணையுமா?"

சிரித்தான். அதற்குள் தலைநகர் திபிலிசியிலிருந்து வந்திருந்த என் மகன் ஷால்வா செருப்பைக் கழற்றிவிட்டான். தாழிக்குள் இறங்கிக் கழுவி, அவன் மகள் லிலேவுக்கு வீரம் காட்ட வேண்டுமாம்.

"கயிறு கட்டாம இறங்கினா காலை ஒடிச்சிடுவேன்" என்று அக்குளைச் சுற்றிக் கட்டினேன். "பாட்டை நிறுத்தாதே."

"பாடறேம்ப்பா. நாலு பேர் முன்னாடி மானத்தை வாங்காதே."

இறங்கினான். அறுவடைப் பாட்டை எடுத்தான். நான் தாழி வாயிலேயே காதை வைத்திருந்தேன்.

ஒருத்தனைத் தனியாகப் பாட விடும் பழக்கம் எங்கள் ஆட்களுக்குக் கிடையாது. கோப்பையோடு நின்ற விருந்தாளிகள் இரண்டாம் குரலில் சேர்ந்தார்கள். தெமூரும் சேர்ந்தான். சனியன், என் வாயும் அடிக்குரலைப் பிடித்துக்கொண்டது. தோட்டமே அதிர்ந்தது.

முதல் அடி முடிந்தது. பாட்டைத் தொடங்கியவன்தான் அடுத்த அடியைத் தனியாக எடுக்க வேண்டும். காத்திருந்தோம்.

"திபிலிசிக்குப் போனவன் பாட்டை மறந்துட்டான்!" என்று ஒருத்தன் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள்.

தாழிக்குள் குனிந்து கத்தினேன். "ஷால்வா!"

சத்தமில்லை. கயிறு கனத்துக் கிடந்தது.

"இழுங்கடா!"

ஐந்து பேர் இழுத்தோம். தோள் தாழி வாயில் சிக்கியது. லிலே வீறிட்டாள். தோலை உரித்துக்கொண்டு வெளியே வந்தான். முகம் ஈயம் மாதிரி இருந்தது. புல்லில் போட்டுக் கன்னத்தில் அறைந்தேன். ஒன்றுமில்லை. மறுபடி அறைந்தேன். தெமூர் சிலுவை போட்டுக்கொண்டே அழுதான்.

கடைசியில் இருமினான். வாந்தி எடுத்தான். வெகுநேரம் கழித்துத்தான் பேச்சு வந்தது.

"தலை சுத்துதுன்னு கத்தினேனேப்பா. ரெண்டு தடவை."

"கேக்கலடா" என்றேன். "நாங்க பாடிட்டிருந்தோம்."