அரைத் தாளம் முன்னால்

கோயில் பாடகர் குழுவில் பாடுகிற ரொஷேல் தன் கைபேசியை ஓர்கன் பெட்டியின் மேல் வைத்து, போன புதன்கிழமை ஒத்திகையை மறுபடி ஓடவிட்டாள். பூசையில் பாடும் வானவர் கீதம். பாடியவர்கள் பதினாறு பேர். அதில் பதினைந்து பேர் ஒரே குரலாகக் கேட்டார்கள்; ஜீவராணி மட்டும் தனியாகக் கேட்டாள். ஒவ்வொரு வரியையும் மற்றவர்களுக்கு அரைத் தாளம் முன்பே பிடித்து, கொட்டாஞ்சேனைச் சந்தி வரைக்கும் கேட்கிற தொண்டையில் எடுத்துக்கொண்டு போனாள்.

"மாஸ்டர், திருவிழாப் பூசைக்கு பிஷப் வாறார். லைவும் போகுது. நீங்க அவவிட்ட சொல்லுங்கோ. இல்லாட்டி நாங்க நாலு பேர் அண்டைக்கு வரமாட்டம்."

அலோசியஸ் மாஸ்டர் "பாப்பம்" என்றார். பகலில் அவருக்கு, கோர்ட்டுகள் இருக்கும் புதுக்கடையில், ஒரு சட்டத்தரணியிடம் கிளாக் வேலை. காணி உறுதிப் பத்திரத்தில் ஓர் எழுத்துப் பிசகினாலும் முழுத் தாளையும் கிழித்துப் போட்டுவிட்டு முதலிலிருந்து டைப் அடிக்கிறவர். இருபத்திரண்டு வருடமாகக் கோயில் பாடகர் குழுவை நடத்துகிறார். ஒரு தடவையாவது பிசிறில்லாத வானவர் கீதம் ஒன்றை ஆண்டவருக்குக் கொடுத்துவிட வேண்டும் என்பது அவருடைய ஆசை. ஆசை என்று சொன்னால் கோபம் வரும், கடமை என்பார். அப்படிச் சொன்னால் யாரும் மறுத்துப் பேச முடியாதல்லவா?

எல்லார் முன்னாலும் ஜீவராணியிடம் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. வெள்ளிக்கிழமை அரைநாள் லீவு போட்டு, த்ரீவீல் பிடித்து முகத்துவாரத்துக்குப் போனார். அங்கே கன்னியாஸ்திரிகள் நடத்தும் முதியோர் இல்லத்தில் அவளுக்கு வேலை. நேரில் சொல்வதுதான் மரியாதை என்று வழி நெடுகத் தனக்கே சொல்லிக்கொண்டார்.

வாசலிலேயே குரல் கேட்டது. உள்ளே பன்னிரண்டு கட்டில்கள். ஜீவராணி ஒரு கிழவியின் காலைத் தண்ணீர்ப் பேசினுக்குள் வைத்து, விரலிடுக்குகளைச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்தபடி அதே வானவர் கீதத்தைப் பாடிக்கொண்டிருந்தாள். வரியின் முதல் சொல்லை உரக்கப் போட்டுவிட்டுக் கொஞ்சம் பொறுத்தாள். வரியின் மிச்சம் பன்னிரண்டு கட்டில்களிலிருந்தும் பன்னிரண்டு விதமாக வந்தது. மூலையில் இருந்தவள் ஒரு முழு வரி பின்னால் வந்துகொண்டிருந்தாள். அதைப் பற்றி அங்கே யாருக்கும் கவலையில்லை.

"என்ன மாஸ்டர், இந்தப் பக்கம்? இருங்கோ, கையெல்லாம் சவுக்காரம். இவைக்குக் காது வடிவாக் கேக்காது. நான் முதல்ல பிடிச்சுக் குடுத்தாத்தான் வந்து சேருவினம். குளிப்பாட்டி முடியிறதுக்குள்ள ரெண்டு தரம் பாடிப்போடுவம்." காலைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். "திருவிழாவுக்கு ஒரு வான் பிடிச்சிருக்கு. எட்டுப் பேரைக் கூட்டிக்கொண்டு வாறன். முன் வரிசை வாங்கில இருத்த ஃபாதரிட்டக் கேட்டுட்டன்."

அந்த அரைத் தாளம் எங்கிருந்து வந்தது என்று அவருக்கு இப்போது விளங்கியது. ஒரு வாய் தேத்தண்ணி குடித்துவிட்டு எழுந்து வந்திருக்கலாம். ஆனால் லீவு போட்டு வந்த மனுஷன், வந்த காரியத்தை முடிக்காமல் போகிற பழக்கம் அவரிடம் இல்லை.

"ஜீவராணி, திருவிழா அண்டைக்கு மட்டும்... சத்தமில்லாம, வாய மட்டும் அசைச்சீங்க எண்டா..."

துடைத்த துணியை அவள் தோளில் போட்டாள். பிறகு கிழவியின் மற்றக் காலை எடுத்து உள்ளே வைத்தாள்.

"ஓம் மாஸ்டர். ஆண்டவருக்குச் செய்யிறது வடிவா இருக்கத்தானே வேணும்."

குரலில் குத்தல் எதுவும் இல்லை. இருந்திருந்தால் அவருக்குச் சுகமாக இருந்திருக்கும். திரும்பும் வழியெல்லாம் தன்மேலேயே வெறுப்பாக வந்தது. ஆனாலும் சொன்னதை அவர் வாபஸ் வாங்கவில்லை.

திருவிழாவன்று பிஷப் வந்தார், கமெராக்கள் வந்தன, ரொஷேலும் அவளுடைய ஆட்களும் வந்தார்கள். வானவர் கீதம் தொடங்கியது. பதினைந்து குரல்களும் ஒரே குரலாக எழுந்தன. ஒரு பிசிறு இல்லை. மாஸ்டர் ஓர்கன் கட்டைகளை இன்னும் அழுத்தி வாசித்தார். இருபத்திரண்டு வருடம் காத்திருந்தது இதற்குத்தான். இரண்டாம் வரிசையில் ஜீவராணியின் உதடுகள் மட்டும் அசைந்தன. அரைத் தாளமும் முந்தாமல், வெகு கச்சிதமாக.

பாதியில் அவர் புத்தகத்திலிருந்து தலையை நிமிர்த்தினார். பீடத்துக்கு நேரே முன் வரிசை வாங்கில், இஸ்திரி போட்ட வெள்ளைச் சேலைகளில் அந்த எட்டுப் பேரும் இருந்தார்கள். எட்டு வாய்களும் மூடியிருந்தன. எல்லாரும் திரும்பி ஜீவராணியையே பார்த்தபடி இருந்தார்கள். அவள் உதடு அசைகிறது, ஆனால் ஒன்றும் வந்து சேரவில்லை. ஒருத்தி காதுக்குப் பின்னால் கையைக் குவித்துப் பிடித்தாள்.

ஆமென் வந்தது. பாடியவர்களின் குரல் அடங்கியது.

"பிள்ளை இன்னும் தொடங்கேல்லையோ?" என்று காதில் கை குவித்த அந்தக் கிழவி, காது கேளாதவர்களின் பெரிய குரலில், பக்கத்திலிருந்தவளைக் கேட்டாள்.

யாரோ சிரித்தார்கள். ஃபாதர் "மன்றாடுவோமாக" என்று கைகளை விரித்தார். அந்த எட்டுப் பேரும் இன்னும் ஜீவராணியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அலோசியஸ் மாஸ்டரின் விரல்கள் ஓர்கனின் கட்டைகளை விட்டு எழும்பவில்லை. கடைசிச் சுரம் தனியாக ஒலித்துக்கொண்டே இருந்தது.