நான்காம் நம்பர் பங்கரில் வாளைக் கருவாடு

எல்லை மலையின் நான்காம் நம்பர் பங்கரில் மூன்று நாளாக ஒரே நாற்றம். எதிரி குண்டு போட்டபோதுகூட வெளியே ஓடாத ஆறு சிப்பாய்களும், இப்போது குண்டு விழுந்தாலும் பரவாயில்லை என்று வாசலில் போய் உட்கார்ந்தார்கள். எலிதான் செத்திருக்கிறது என்று முடிவு கட்டி, மணல் மூட்டைகளைப் பிரித்துத் தேடினார்கள். எல்லோரையும் விட மும்முரமாகத் தேடியவன் கலைவாணன். தேடாமல் இருப்பானா? கருவாடு அவனுடையது ஆயிற்றே!

புதுப்பட்டினத்திலிருந்து மனைவி ஜெசிந்தா ஏழு பிளாஸ்டிக் பைக்குள் சுற்றி அனுப்பியது. அதைக் கொண்டுபோய்க் கணப்பு அடுப்புக்குப் பின்னால் ஒளித்து வைத்த புத்திசாலியை என்ன சொல்ல? தின்பண்டத்தைப் பங்கருக்குள் வைத்தால் கரடி வரும், மீறியவனுக்கு லீவு ஒரு மாதம் தள்ளிப்போகும் என்பது சுபேதார் பல்வந்த் சிங்கின் சட்டம். கலைவாணனுக்கு வியாழக்கிழமை லீவு. பிறந்து ஐந்து மாதமாகியும் மகள் ஜெபாவை அவன் போட்டோவில்தான் பார்த்திருக்கிறான்.

புதன்கிழமை காலை பொட்டலம் சுபேதார் கையில் சிக்கியது.

"யாருடையது?" என்று இந்தியில் உறுமினார்.

கலைவாணன் வாயைத் திறக்கப் போனான். அதற்குள், "என்னுடையது சாகிப்" என்று ஒருவன் முன்னால் வந்தான். பத்ரி! மதுராந்தகத்துப் பத்ரி. அப்பாவுக்குக் கோயில் கைங்கரியம். பிள்ளை முட்டையைக்கூடத் தொடாமல் நாலு வருஷமாகக் கலைவாணன் தட்டில் தள்ளிவிடுகிறவன்.

சுபேதார் அவனை மேலும் கீழும் பார்த்தார். "உன்னுடையது என்றால் தின்று காட்டு."

பத்ரி கண்ணை மூடிக்கொண்டான். ஒரு துண்டை அப்படியே பச்சையாக வாயில் போட்டு முள்ளோடு கடித்தான். கருவாட்டைக் கழுவிக் குழம்பு வைத்துத்தான் தின்பார்கள் என்று இவனுக்கு யார் சொல்வது? நல்லவேளை, பஞ்சாபிக்கும் அது தெரியவில்லை.

பத்ரிக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டியது. "அம்மா கைமணம் சாகிப்" என்றான்.

சுபேதார் நம்பிவிட்டார். பத்ரியின் லீவு ஒரு மாதம் தள்ளிப்போயிற்று. அதோடு தங்கை ஹம்சினியின் நிச்சயதார்த்தத்துக்கு அவன் போவதும் இல்லையென்று ஆயிற்று.

கலைவாணன் சுபேதாரின் பின்னால் ஓடப் பார்த்தான். பத்ரி பெல்ட்டைப் பிடித்து இழுத்தான்.

"வுடு மச்சான், உண்மைய சொல்லிர்றேன். உன் தங்கச்சி விசேசம்டா!"

"வாயை மூடுறா. சொன்னா ரெண்டு பேர் லீவும் போயிடும். நீ கொழந்தையைப் போய்ப் பாரு." பத்ரி மூன்றாவது முறையாக வாய் கொப்பளித்தான். "கருமம், இதை எப்படிடா தின்றே?"

"டேய் லூசு, அத்த கழுவி, கொயம்பு வச்சி துன்னணும்டா!"

"இதை முன்னாடியே சொல்லித் தொலைக்கறதுக்கென்ன!"

கலைவாணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையானது என்று அவனுக்கே தெரியவில்லை. கூடப்பிறந்தவன்கூட இப்படிச் செய்வானா என்று நினைத்து நினைத்து அழுதான்.

"அழாதேடா. நிச்சயதார்த்தத்துல தட்டு எடுத்துக் கொடுக்க அண்ணன் வேணும். மதுராந்தகம் போய் என் எடத்துல நீ நில்லு. அம்மாகிட்ட நான் சொல்லிடறேன்." பத்ரி மறுபடியும் துப்பினான். "அன்னிக்கு மட்டும் கருவாடு தின்னுட்டுப் போகாதே."