யாருடைய பிழை என்று எழுதுவது

விவாகரத்துக்கு நல்ல சட்டத்தரணி யார் என்று சுலோஜனா விசாரித்தது விவாகரத்துச் செய்யப்போகிற புருஷனிடமே. கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவளைக் குறை சொல்லவும் முடியாது. மின்விசிறி வாங்குவதானாலும் பல் பிடுங்குவதானாலும் அந்த வீட்டில் நாலு பேரிடம் விசாரித்துச் சொல்கிற ஆள் சசிகரன்தான். போதாததற்கு, அவனுடைய ஓட்டோ நிற்பதே திருகோணமலை நீதிமன்றத்துக்கு முன்னால். சட்டத்தரணிமாரைப் பார்த்துவிட்டு வருகிறவர்களின் முகத்தை வைத்தே உள்ளே நடந்ததைச் சொல்லிவிடுவான்.

"யோசிச்சுச் சொல்லுறன்," என்றவன், அடுத்த கிழமை ஓட்டோவோடு அவள் இருக்கிற லிங்கநகருக்கே வந்துவிட்டான்.

அவன் நிலாவெளியில் அண்ணன் வீட்டோடு போய்ச் சேர்ந்து ஒரு வருடமாகிறது. பெரிய சண்டை ஒன்றுமில்லை. இருவருக்கும் பேச எதுவும் இல்லாமல் போயிருந்தது, அவ்வளவுதான். பிரிந்த பிறகு இருவருமே கொஞ்சம் சதை போட்டிருந்தார்கள். ஆனால் எட்டு வயது மிதுஷா? "அவள் எங்கட வீட்டுப் பிள்ளை" என்று அவனுடைய அண்ணி கோயிலில் சொன்னது சுலோஜனாவின் காதுக்கு வந்திருந்தது. அன்றிலிருந்து அவளுக்கு அதே பயம்தான். பிள்ளையைக் கேட்டு வழக்காடுவானோ?

முதலில் துறைமுகப் பக்கம் பெரிய பெயரெடுத்த ஒருவரிடம் போனார்கள். சசிகரன் வெளியே நின்றான்.

"குடிக்கிறவர், அடிக்கிறவர் எண்டு எழுதுவம். பிறகு பிள்ளையிட நிழலைக்கூடப் பாக்க ஏலாது," என்றார் அவர்.

"அவர் குடிக்கிறேல்லையே."

"அது பிரச்சினையில்லை."

அவள் வெளியே வந்த முகத்தைப் பார்த்ததுமே சசிகரனுக்கு விளங்கிவிட்டது. "இவர் சரிவரமாட்டார் எண்டு தெரியும். காட்டாம விட்டா பிறகு குறை சொல்லுவீர்," என்று ஓட்டோவைத் திருப்பினான். "இனிப் போறது கமலேஸ்வரி மிஸ்ஸிட்ட. பிள்ளையளத் தாய்மாருக்கு எடுத்துக் குடுக்கிறதில கெட்டிக்காரி."

சுலோஜனாவுக்குச் சந்தேகம் தட்டியது. தனக்கு எதிராக ஒருவன் இவ்வளவு நல்ல ஆளையா பிடித்துத் தருவான்?

கமலேஸ்வரி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். "ரெண்டு பேரும் விரும்பிப் பிரியிறம் எண்டா எங்கட சட்டம் விடாது, தங்கச்சி. ஒராளில பிழை இருக்கவேணும். ஆரிட பிழை எண்டு எழுத?"

"பொறுங்கோ மிஸ், கேட்டுக்கொண்டு வாறன்."

கமலேஸ்வரி மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவள் போவதைப் பார்த்தார். இத்தனை வருடத் தொழிலில் இப்படியொரு கட்சிக்காரியை அவர் கண்டதில்லை.

சசிகரன் ஓட்டோவின் முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். விஷயத்தைக் கேட்டதும், "என்ர பெயரைப் போடும். விட்டிட்டுப் போனது நான்தானே," என்றான்.

"பிழை உங்களில எண்டா பிள்ளையையும் எனக்குத்தான் தருவினம்."

"அதுக்குத்தானே இவவிட்டக் கூட்டிவந்தனான்." துடைத்த இடத்தையே திரும்பவும் துடைத்தான். "இரவில கண் முழிச்சா அவள் உம்மைத்தான் தேடுவாள். நான் என்ன செய்யிறது?"

இத்தனை நாள் பயம் அந்த வீதியிலேயே இறங்கிப் போனது. அவ்வளவு நிம்மதியாக இருந்தது அவளுக்கு. அழுகையும் வந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

"அவர் விட்டிட்டுப் போனவர் எண்டு எழுதுங்கோ. பிள்ளை என்னோட. ஆனா வெள்ளி பள்ளிக்கூடம் விட்டதில இருந்து ஞாயிறு மட்டும் தகப்பனோட. லீவிலயும் பாதி அவருக்கு. அதையும் எழுதுங்கோ, மிஸ்."

"அவர் கேட்டவரோ?"

"இல்லை. அவர் கேக்கமாட்டார்."

வெளியே வந்து ஓட்டோவில் ஏறியதும், "முடிஞ்சுதோ?" என்றான் சசிகரன்.

"ஓம். வெள்ளிக்கிழமையில பள்ளிக்கூட வாசலுக்கு நீங்கள்தான் வரவேணும். ஞாயிறு பின்னேரம் கொண்டுவந்து விட்டாக் காணும்."

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. கைப்பிடியைப் பிடித்து முறுக்கினான். திரும்பவும் முறுக்கினான். ஓட்டோவைக் கிளப்புகிற திறப்பு அவனுடைய சட்டைப் பையில் கிடந்தது. சுலோஜனா அதைக் கண்டாள், சொல்லவில்லை. ஊருக்குள் திரிகிற மான்கள் இரண்டு கடற்கரைப் பக்கமிருந்து வந்து ஓட்டோவுக்கு முன்னால் ஆறுதலாக வீதியைக் கடந்துகொண்டிருந்தன. அவள் பின்னால் சாய்ந்து உட்கார்ந்து அவற்றைப் பார்த்தாள்.