ஸெய்னுதீனின் பேரில் எடுத்த படம்

என்ட மச்சான் ஸெய்னுதீன் என்னைக் கொல்ல வந்தது அறுபத்தெட்டாம் ஆண்டில, ஒரு திங்கக்கிழமை காலமை. நான் துறைமுகத்தில மா மூட்டை இறக்கிக்கொண்டு நிண்டனான். மூட்டை இழுக்கிற கொக்கி அவன்ட கையில. "ஜமால்தீன்! பழுதான காலைக் குடுத்து என்ட வேலையைத் திண்டுட்டியேடா!" எண்டு கத்திக்கொண்டு பாய்ஞ்சான்.

விசயம் இதுதான். நாப்பது வயசு தாண்டினவனெல்லாம் முழங்காலை எக்ஸ்ரே எடுக்கவேணுமெண்டு புது டொக்டர் சொல்லிட்டார். படத்தைப் பாத்தே எந்தக் கால் எத்தினை வருசத்தில விழுமெண்டு சொல்லிப்போடுவாராம். விழப்போறவனுக்கு வேலை இல்ல. ஸெய்னுதீன் வலது காலை இழுத்து இழுத்து நடக்கிறவன். அவன்ட பொஞ்சாதி ஜெஸீமா என்ட தங்கச்சி. "காக்கா, எங்களுக்கு வேற சோறு இல்ல" எண்டு வந்து அழுதாள். பேர் கூப்பிடக்க ஒருத்தன் இல்லாட்டி மத்தவன் "ஓம்" எண்டு சொல்லுறது எங்கட கூட்டத்தில வழக்கம். அப்பிடித்தான் அவன்ட பேருக்கு நான் போய்க் காலை நீட்டினன். என்ட முறை அடுத்த கிழமை. எனக்கென்ன, ரெண்டு மூட்டையை ஒண்டாத் தூக்கிறவன்! விடியக்க முழங்கால் கொஞ்சம் உளையும். ஆருக்குத்தான் உளையாது?

படம் வந்துது. எலும்பு தேஞ்சு ஒண்டோடொண்டு முட்டுது, ரெண்டு வருசத்தில நடக்க ஏலாது எண்டு டொக்டர் சொல்லி ஸெய்னுதீனை வேலையால நிப்பாட்டிட்டாங்க. படத்தை மாத்திப்போட்டாங்களெண்டுதான் நான் நினைச்சன்.

பாய்ஞ்சவன்ட கொக்கி என்ட தோளைக் கிழிச்சுது. நான் விடுவனா? மூஞ்சியில குத்தினன். பல்லு ரெண்டு தெறிச்சுது. ஆளை விழுத்தி, நெஞ்சில முழங்காலை ஊண்டிக் கழுத்தை நெரிச்சன். மாவெல்லாம் ரத்தம். அந்த நேரம் பாத்து என்ட முழங்காலுக்குள்ள ஏதோ நொறுங்கினமாதிரி உயிர் போற நோ. யா அல்லாஹ், படத்தில தேஞ்சு கெடந்த எலும்பு என்டையெல்லோ! என்ட கை தானா விட்டுப்போச்சு.

அவனை இழுத்துக்கொண்டு டொக்டரிட்டப் போனன். "படத்தில கெடக்கிறது என்ட கால், ஐயா. இவனை எடுத்துப் பாருங்கோ" எண்டன். எடுத்தார். "இவருக்கு எலும்பில ஒரு பழுதுமில்ல. வெறும் வீக்கம், மருந்தில மாறும்" எண்டார். அவனே போய் நிண்டிருந்தா ஒரு கரைச்சலும் இல்ல. நாசமாப்போன புத்தி!

அவனைத் திருப்பி வேலைக்கு எடுத்தாங்க, என்ட பேரை வெட்டினாங்க. பின்னேரம் ஜெஸீமா சோத்துக்கோப்பையோட வந்தாள். பிடுங்கிச் சுவத்தில அடிச்சன். அவள் குந்தியிருந்து சோத்தை அள்ளினாள்.

"எறியுங்கோ காக்கா. நாளைக்கும் கொண்டு வருவன். இனி ஒவ்வொரு நாளும் நான்தான் கொண்டு வருவன்."

அவள்ட முகத்தைப் பாக்க ஏலாம என்ட மண்டையைச் சுவத்தில மோதிக்கொண்டு அழுதன்.