எர்ணாவூர் நீர்மாலை

"நான் செத்தா, என்னைக் குளிப்பாட்டுத தண்ணியில மீன் நீந்தும்ல."

பதினோரு வருஷமாக இப்படிச் சொல்லிவந்த சுப்புராஜ் பெஞ்சில் கிடக்க, அவரைக் குளிப்பாட்ட மைத்துனர் அன்புமணி ஆட்டோவிலிருந்து நான்கு கேன் தண்ணீரை இறக்கினார். மகள் ராமசெல்வி வாசலை மறித்து நின்றாள்.

"கேனைத் திருப்பி ஏத்துங்க மாமா. நீர்மாலைத் தண்ணி அப்பாவோட குளத்துலதான் எடுக்கணும்."

மாமாவுக்குச் சிரிப்பு வந்தது. இழவு வீடென்பதால் இருமிக்கொண்டார். கொசுவே மூக்கைப் பொத்திக்கொண்டு பறந்த குளம் அது. மளிகைக் கடையை மூடிய கையோடு அப்பா நீர்நிலை மீட்புத் திட்டத்தில் தொண்டராகச் சேர்ந்தார். அவரும் கூட்டாளி தாவூதும் அள்ளிய சேற்றில் இன்னொரு பரங்கிமலை கட்டியிருக்கலாம். மழைநீர்க் கால்வாயைத் தோண்டியபோது ஒரு பஸ்ஸே கிடைத்தது என்பார். வந்தது டயர் மட்டும். வாரம் தவறாமல் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கரையில் பாடம். பெயர் கூப்பிட்டால் மீன்களும் 'உள்ளேன் ஐயா' சொல்லும் என்று அவர்களிடம் அளப்பார்.

அப்படி ஒரு மீனை மாமா கண்டதில்லை. ராமசெல்வியும் கண்டதில்லை. தண்ணீர் நாறினால், உயிரோடிருந்தபோது சிரித்த தெரு பிணத்தைப் பார்த்தும் சிரிக்கும்.

பொம்பளைப் பிள்ளை குடம் எடுப்பதா என்று மாமா அடுத்ததை ஆரம்பித்தார். அம்மா பூமாரி தலைமாட்டிலிருந்து எழுந்து, பித்தளைக் குடத்தை மகள் கையில் கொடுத்துவிட்டு மறுபடி உட்கார்ந்தாள்.

மேளம் முன்னால் போயிற்று. நான்கு பேர் வெள்ளை வேட்டியைப் பந்தலாக விரித்துப் பிடிக்க, அதன்கீழ் ராமசெல்வி நடந்தாள். பெரிய ரோட்டில் கண்டெய்னர் லாரி ஒன்று ஹார்ன் அடித்தது. அவள் அதன் முன்னால் போய் நின்றாள். அன்று மாதவரம் வரைக்கும் லாரிகள் நின்றன. பொறாமைக்காரர்கள் மூன்று லாரிதான் என்பார்கள்.

கரையில் மாமா குடத்தை வாங்கிக்கொண்டார். "தண்ணிய நானே மோந்துக்கிடுதேன். தாவூது மீன் வாங்கியாந்து போட்டாலும் போட்டுருவான்."

"போட்டா உன் சட்டை ஜோபிலதான் போடுவேன்" என்றார் தாவூது. அவருக்குக் கண் சிவந்திருந்தது. "மோந்துனு வா நைனா."

தண்ணீர் நாறவில்லை. மாமா இரண்டு முறை முகர்ந்து பார்த்துவிட்டுக் குடத்தில் மொண்டார்.

வீட்டில் அப்பாவின் தலைக்கு மேலே குடத்தைச் சரித்தவர் பாதியில் நிறுத்தினார். உள்ளே பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். மேளமும் நின்றுவிட்டது.

"செல்வி, ஒரு செம்பு கொண்டா."

குடத்துக்குள் கைவிட்டு எதையோ பொத்தினாற்போல் அள்ளிச் செம்பில் விட்டார். கட்டைவிரல் நீளத்தில் ஒரு கெண்டைக்குஞ்சு சுற்றியது. நெற்றி மட்டும் நனைந்த அப்பாவை அப்படியே விட்டுவிட்டு, செம்பின் வாயை உள்ளங்கையால் மூடிக்கொண்டு குளத்தை நோக்கித் தெருவில் இறங்கினார். வேட்டி பிடித்த நால்வரும் என்ன செய்வதென்று தெரியாமல், அதை அவர் தலைக்கு மேல் விரித்தபடி பின்னால் ஓடினார்கள்.

டீக்கடையில் யாரோ என்னவென்று கேட்டார்கள்.

"அத்தான் குடத்துல மீன் கெடந்துச்சு" என்றார் மாமா, நிற்காமல். "நான்தான் மோந்தேன்."