விடுபட்ட இகரம்

பழைய மடிக்கணினியை வாங்க வந்தவர், சொன்ன நேரத்துக்கு முன்னரே, மாலை ஐந்து மணிக்கு வந்து அமர்ந்துவிட்டார். பழுது பார்க்கும் கடைக்காரரான அவருடைய சட்டைப்பையில் எந்நேரமும் ஒரு திருப்புளி துருத்திக்கொண்டிருக்கும். அதனால் அத்தெருவில் அவருக்குத் திருப்புளி என்றே பெயர். ஏழு மணிக்குள் அக்கணினியில் உள்ளதை அழித்து, திரைக்குக் கீல் மாற்றி வேறொருவரிடம் ஒப்படைப்பதாக வாக்குக் கொடுத்திருந்தார்.

அவரை வரவழைத்தவர் வீட்டுக்காரர். பேருந்து நிலையத்தில் நேரக்காப்பாளர். குறித்த நேரத்தில் புறப்படாத எதையும் மன்னித்தறியாதவர். புதுக் கணினி வந்து பத்து நாளாகியும் பழையது மேசையை விட்டு நகராதது அவர் கண்ணை உறுத்தியது. அதன் திரை சுவரில் சாய்ந்துதான் நிற்கும். மின்கம்பியைப் பிடுங்கினால் அக்கணமே அணைந்துவிடும். “உன் மூத்த பிள்ளைய இன்னைக்கு வழியனுப்பிடலாம்” என்று காலையிலேயே மனைவியைச் சீண்டியிருந்தார்.

மனைவி வழக்கறிஞர் ஒருவருக்கு வீட்டிலிருந்தபடியே தட்டச்சு செய்பவள். அலுவல் கோப்புகளைப் பற்றி அவளுக்குக் கவலையில்லை; அவை வழக்கறிஞரிடமே இருந்தன. அவளை அரித்தது ஒரே ஒரு கோப்பு. பத்து வயது மகளுக்கு நான்கு ஆண்டுகளாக வலிப்பு வருகிறது. ஒவ்வொரு முறையும் நாள், நேரம், முதலில் துடித்த பக்கம், நீடித்த நிமிடங்கள் என நான்கு கட்டங்களில் அவள் குறித்து வந்தாள். மறுநாள் காலை புதிய மருத்துவரைக் காண வேண்டும். துடிப்பு எந்தப் பக்கத்தில் தொடங்குகிறது என்பதை வைத்தே, அறுவை செய்யலாமா, மூளையில் எவ்விடத்தை ஆராய்வது என்று பார்க்கத் தொடங்குவதாக அவர் சொல்லியனுப்பியிருந்தார்.

அக்கோப்பைக் கணவர் பென் டிரைவில் நகலெடுத்துப் புதுக் கணினியில் இட்டிருந்தார். திறந்து பார்க்கவில்லை.

திருப்புளி தம் கருவியைப் பழைய கணினியில் செருகினார். சிறிது நேரத்தில், அனைத்தையும் அழிக்கலாமா என்று திரை கேட்டது. அவர் விரல் விசையின்மேல் நின்றது.

“ஒரு நிமிஷம், தம்பி” என்றாள் அவள்.

கணவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவள் அதைப் பொருட்படுத்தாமல் புதுக் கணினியில் அந்தக் கோப்பைத் திறந்தாள். எந்த மொழியிலும் சேராத கிறுக்கல்கள் வரிவரியாக நின்றன. திருப்புளி எட்டிப் பார்த்துச் சிரித்தார். பழைய எழுத்துருவில் அடித்தது, புதுசுக்கு அது தெரியாது, அவ்வளவுதான் என்றார். தம்மிடமிருந்த அந்த எழுத்துருவையே புதுக் கணினியில் ஏற்றினார். கிறுக்கல்கள் தமிழாயின.

கணவர் பெருமூச்சு விட்டார். அட்டவணையில் விரலை ஓட்டிக்கொண்டே வந்தவர் முகம் மலர்ந்தது.

“பாரு, டாக்டர் கேட்டதுக்குப் பதிலும் கிடைச்சாச்சு. போட்ட இடத்துல எல்லாம் ‘வ’தான். வலது.”

“நடுவுல காலியா இருக்கே.”

“நீ போட மறந்திருப்ப.”

“நானா?”

அவள் கடைசி வரியைப் பார்த்தாள். மூன்று வாரத்துக்கு முன், செவ்வாய்க்கிழமை, நாலு இருபது. பள்ளியிலிருந்து வந்த மகள் காலணியைக் கழற்றிக்கொண்டிருந்தபோது வந்தது. துடித்த கையைத் தன் இரு கைகளுக்குள் பொத்தி வைத்திருந்தவள் இவள். அது இடக்கை. அன்று அவள் ‘இ’ என்று அடித்தது அவள் விரலுக்கே நினைவிருந்தது. இங்கோ அக்கட்டம் வெறுமையாயிருந்தது.

திருப்புளியின் விரல் மீண்டும் விசைக்குச் சென்றிருந்தது.

“கைய எடுங்க.”

அவள் குரலை உயர்த்தவில்லை. ஆயினும் அவர் சுட்டதுபோல் கையை இழுத்துக்கொண்டார்.

கருவியை உருவிவிட்டு அவள் பழைய கணினியை மீண்டும் இயக்கினாள். திரை இருண்டது. இருண்டபடியே இருந்தது. உள்ளிருந்த விசிறி இருமத் தொடங்கிப் பின் நின்றது. அடுத்த அறையில் மகள் பாடத்தை முணுமுணுப்பது கேட்டது. கணவர் கடிகாரத்தைப் பார்க்க மறந்து நின்றார். விசிறி மறுபடி சுழன்றது. நான்கு நிமிடம் கழித்துக் கோப்பு திறந்தது. வெறுமையாயிருந்த கட்டங்களிலெல்லாம் ‘இ’ நின்றது. ‘வ’வைக் காட்டிலும் ‘இ’யே மிகுதி.

திருப்புளி தலையைச் சொறிந்தார். “இந்த எழுத்துருல ‘இ’ உட்கார்ந்திருக்கிற இடத்த, புதுசு கண்ணுக்குத் தெரியாத இணைப்புக்கோடுன்னு எடுத்துக்கிட்டுக் காட்டாம விட்டுடுது. சீட்டுல ஆள் இருக்கு, சார், கண்டக்டருக்குத்தான் தெரியல.”

பேருந்துக்காரர் சிரிக்கவில்லை. அந்த வலதை அவர் மறுநாள் மருத்துவரிடம் உறுதியாகச் சொல்லியிருப்பார்.

திரையைக் கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டால் போதுமே, இன்னும் நேரமிருக்கிறது என்று திருப்புளி வழி சொன்னார். இன்று கிடைக்காவிட்டால் தமக்கு இந்தக் கணினி வேண்டியதில்லை என்பதையும் சேர்த்தே சொன்னார். கணவர் மனைவியைப் பார்த்தார்.

“படமெடுக்கிறப்பவும் ஏதாவது ஒரு வரி விடுபடலாம். ஒரு எழுத்து போனது தெரிஞ்சுபோச்சு. தெரியாமப் போனது எத்தனையோ? இதுல இருக்கிறது மட்டுந்தான் நான் அடிச்சது. நான் குடுக்கமாட்டேன். வரச்சொன்னது நீங்க, நீங்களே சொல்லிடுங்க.”

வாக்குத் தவறியறியாதவர் திருப்புளியின் பக்கம் திரும்பினார்.

“மன்னிக்கணும்” என்றார். “இந்த வண்டி புறப்படாது.”

திருப்புளி கருவியைப் பையில் போட்டு எழுந்தார். “அடுத்த தடவை வீட்ல கேட்டுட்டுக் கூப்பிடுங்க, சார்” என்று வாசலில் குத்திக்காட்டிவிட்டே போனார்.

கணவர் பழைய கணினிக்கென நீண்ட மின்கம்பி ஒன்றைத் தேடி எடுத்து, மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் பையில் முதற்பொருளாக வைத்தார். பிறகு ஒரு குறிப்பேட்டுடன் மேசையருகே உட்கார்ந்தார். தாளிலும் ஒரு படி இருக்கட்டும் என்றார். அவள் முதல் வரியிலிருந்து வாசித்தாள். அவர் எழுதினார்.

“ ‘இ’ன்னு போட்டாப் போதுமே” என்றாள் அவள், எட்டிப் பார்த்து.

அவர் ‘இடது’ என்று முழுதாகவே எழுதிவிட்டு, அடுத்த தேதியைக் கேட்டார்.