சான்ட்ராவுக்குத் தெரிந்த வருஷம்

1

தடால்.

மாதா கோயில் பூசை நடுவில் முழங்காலிட்டிருந்த விண்ணரசி, எழ முடியாமல் பெஞ்சோடு சாய்ந்தாள். இடது கால் மட்டும் வாழைத்தண்டு மாதிரி வீங்கியிருந்தது.

(இதற்கு முன் மூன்று தொடக்கங்களைக் கிழித்தாயிற்று. வாரப் பத்திரிகையில் முதல் வரியிலேயே யாராவது விழ வேண்டும்.)

கதையின் கரு என்னுடையது இல்லை. தஞ்சாவூரில் டாக்டர் ஷைலஜா என் ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டே சொன்னது: "ஒரு அம்மாவுக்கு நிக்க வேண்டிய ரத்தம் ஓடுச்சு, ஓட வேண்டிய ரத்தம் நின்னுடுச்சு."

இருபது வருடமாகத் தொடர்கதை எழுதுகிறேன். எனக்கு அப்படி ஒரு வரி வந்ததில்லை. அன்று என் பிரஷர் ஏறியதற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

2

விளக்கம் கேட்டேன். கருப்பையின் உள்சவ்வில் புற்றுநோய் வந்தால், அந்தச் செல்கள் ரத்தத்தை உறைய வைக்கும் புரதங்களைத் தூண்டிவிடலாமாம். வெட்டுக்காயத்தில் வலை பின்னி நம்மைக் காப்பாற்றுகிற அதே புரதம், கட்டியைச் சுற்றியும் வலை பின்னி அதையும் காப்பாற்றும். கருப்பையில் ரத்தம் கசியும். எங்கோ காலில் உறைந்து அடைத்துக்கொள்ளும்.

"சில பேருக்கு வீங்கின கால்தான் முதல் துப்பு" என்றார். துப்பு என்ற சொல்லும் அவருக்கே கிடைத்தது.

(ஆசிரியர் ஃபோனில்: "தீபாவளி இதழ் சார். ரத்தத்தைக் கொஞ்சம் குறைங்க.")

3

ஓரகத்தி சான்ட்ராவை நானே உண்டாக்கினேன். திருக்காட்டுப்பள்ளியில் ஒரே வீடு, நடுவில் சுவர். விண்ணரசியின் கணவர் கிளமென்ட் மஸ்கட்டில். அவர் தம்பி எல்வின், சான்ட்ராவின் கணவன், மஸ்கட் போகப்போவதாகச் சொல்லிக்கொண்டே இருப்பவன். அந்தப் பக்கம் மிக்சி ஓடினால் இந்தப் பக்கம் அம்மிச் சத்தம் கூடும்.

சான்ட்ரா மனதுக்குள் நல்ல—

[அடித்துவிட்டேன். நான் சொன்னால் யார் நம்புவார்கள்?]

ஒருநாள் விண்ணரசி மருந்துக் கடையிலிருந்து செய்தித்தாளில் சுற்றிய பொட்டலத்தோடு வந்தாள். எந்தப் பெண்ணுக்கும் தெரியும் அது என்னவென்று.

"என்னக்கா, மறுபடியுமா?"

"மறுபடி என்னடி மறுபடி? எனக்கு எப்ப நின்னுச்சு? உனக்குத்தான் எல்லாத்துலயும் அவசரம்."

சான்ட்ராவுக்கு அன்று சோறு இறங்கவில்லை. மஸ்கட் பணம் போதாதென்று இளமையுமா?

4

கிளமென்ட் ஊரில் இல்லாததால், வீங்கின காலைக் காட்டத் தஞ்சாவூருக்குக் கூட வந்தவள் சான்ட்ராதான். டாக்டர் ஷைலஜாவையே கதைக்குள்ளும் உட்கார வைத்தேன். நல்ல வரி எதுவும் கொடுக்கவில்லை.

"மாதவிடாய் நின்னு எவ்வளவு நாளாச்சும்மா?"

"நிக்கவே இல்ல டாக்டர்" என்றாள் விண்ணரசி, சான்ட்ராவைப் பார்த்துக்கொண்டே.

நின்று பல வருடம் கழித்து வந்த ரத்தம் என்று தெரிந்தால் டாக்டர் இன்றே கருப்பையைச் சோதிப்பார். நிற்கவே இல்லை என்றால் கால் வீக்கத்துக்கு மாத்திரை எழுதி அனுப்பிவிடுவார். பேனாவைத் திறந்துவிட்டார்.

முதல் முடிவு: சான்ட்ரா பேசவில்லை. இது தடங்கலே இல்லாமல் வந்தது. எனக்கே பயமாகிக் கிழித்தேன்.

இரண்டாவது: அக்கா மேல் உள்ள பாசத்தில் பேசுகிறாள். ஆசிரியருக்குப் பிடிக்கும். ஆனால் பாசமாக இருந்தால் அவளுக்கு இவ்வளவு ஞாபகம் இருந்திருக்காது.

விண்ணரசி பிழைத்தாளா, அதன்பின் அந்த இருவரும் எப்படிப் பேசிக்கொண்டார்கள் என்பதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். என்னைவிட நன்றாக எழுதினால் எனக்குச் சொல்ல வேண்டாம். சான்ட்ரா சொன்னதை மட்டும் தருகிறேன்:

"பொய் டாக்டர். பெரிய அத்தான் கலர் டிவி கொண்டாந்த வருஷமே அக்காவுக்கு நின்னு போச்சு. அந்த வருஷம் எனக்குன்னு இருந்த ஒரே சந்தோஷம் அதுதான்."